அஞ்சலாட்சி டீச்சருக்கு லீவு கிடைக்கவில்லை

அஞ்சலாட்சி டீச்சர் இறந்துவிட்டார்.

காலையில் பிரேயர் முடிந்து அட்டெண்டன்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் கணவர்தான் போன் செய்தார். "டீச்சர் ராத்திரியே போய்ட்டாங்க சார்..." அவ்வளவுதான்.

இங்கே பலருக்கு அவரைத் தெரியாது. கல்வராயன் மலையில் ஒரு ஈராசிரியர் பள்ளி. முதலில் நான் போய்ச் சேர்ந்தேன், ஆறு மாதம் கழித்து அவர் வந்தார். நான்கு வருடம் ஒரே கட்டடம், நடுவில் ஒரு தட்டிதான் தடுப்பு.

அப்போது எனக்கு என்னைப் பற்றிப் பெரிய நினைப்பு. ட்ரெய்னிங்கில் நல்ல மார்க். லெசன் பிளானை மூன்று கலரில் எழுதுவேன். என் வகுப்பில் சத்தமே இருக்காது.

அவர் வகுப்போ சந்தைக்கடை.

"டீச்சர், கொஞ்சம் அமைதியா வெச்சிக்கக் கூடாதா?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"இன்னா சார், அதுங்க பேசிக்கினு இருந்தாதான அதுங்களுக்கு இன்னா தெரியும் இன்னா தெரியாதுன்னு எனக்குப் புரியும்?" என்றார். கோபமே இல்லை.

என் வகுப்பில் சின்னப்பொண்ணு என்று ஒரு பெண். இரண்டு வருடமாக வாயே திறக்கவில்லை. 'மெல்லக் கற்பவர்' என்று ரெக்கார்டில் எழுதி வைத்திருந்தேன். சிவப்பு மையில்.

நான் மீட்டிங்குக்குக் கள்ளக்குறிச்சி போன ஒருநாள், டீச்சர் இரண்டு வகுப்பையும் சேர்த்து உட்கார வைத்திருக்கிறார். சாயங்காலம் திரும்பி வந்தால், தரையெல்லாம் கடுக்காய்க் குவியல். பிள்ளைகள் காட்டில் பொறுக்கி வருவதுதான். ஒன்பது ஒன்பதாகப் பிரித்து, ஏழு குவியல்.

"அறுவத்தி மூணு டீச்சர்!"

யார் குரல் என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் சின்னப்பொண்ணு. அதுவரை அந்தக் குரலை நான் கேட்டதே இல்லையே...

அன்றைக்கு ராத்திரி சிவப்பு மையில் எழுதிய அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

அடுத்த வருடமே சின்னப்பொண்ணின் குடும்பம் குடகு காப்பித் தோட்டத்துக்குக் கிளம்பியது. வெள்ளிமலையில் பஸ் ஏறும் இடத்துக்கே போய் நின்றோம், நானும் டீச்சரும். இந்தப் புள்ளைய மட்டும் உட்டுட்டுப் போங்க, நாங்க பாத்துக்கறோம் என்றார் டீச்சர்.

"இத உட்டுட்டுப் போனா, நாங்க வேலைக்குப் போற நேரம் கைக்கொழந்தய யார் டீச்சர் பாத்துக்கறது?" என்றார் அப்பா. சண்டையாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார்.

பஸ் போய்விட்டது. சின்னப்பொண்ணு திரும்பி வரவேயில்லை.

இனி எழுதுவதுதான் கஷ்டம்.

அந்த வருடம் டிரான்ஸ்பர் கவுன்சிலிங். இரண்டு பேரும் போனோம். டீச்சருக்கு மூன்று வாரமாகத் தொண்டை கட்டியிருந்தது. சளி என்றார். திருநாவலூர் பக்கம் வீடு. வாரத்துக்கு ஒருமுறைதான் போவார். என் பாப்பாவும் கீழே ஊரில்தான், அம்மாவோடு. "இந்த வாட்டி கீழ கெடச்சா நல்லாருக்கும் சார்" என்று பஸ்ஸில் வரும்போது சொன்னார்.

ஸ்கிரீனில் மலைக்குக் கீழே ஒரே ஒரு காலியிடம், தியாகதுருகம் பக்கத்தில். நான் ஆறு மாதம் சீனியர். என் பெயரை முதலில் கூப்பிட்டார்கள்.

எடுத்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும், "நல்லதாப் போச்சு சார், பாப்பா இனிமே ஒங்களத் தேடாது" என்றார். அந்தக் கட்டிய குரலில்.

நான் காலி செய்த இடத்துக்கு யாரையும் போடவில்லை. ஐந்து வகுப்பு, ஒரே டீச்சர்.

போன் செய்யும்போதெல்லாம் குரல் மோசமாகிக்கொண்டே வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போங்க டீச்சர் என்பேன்.

"போனா ஸ்கூல மூடணும் சார். மூடுனா மத்தியானச் சாப்பாடு இல்ல. காலாண்டு லீவுல பாக்கறேன்."

காலாண்டு லீவில் பயிற்சி போட்டார்கள். அரையாண்டு லீவில்தான் போய்க் காட்டினார். குரல்வளையில் கேன்சர். முன்னாடியே வந்திருக்கலாமே என்றாராம் டாக்டர்.

ஆபரேஷனுக்குப் பிறகு போய்ப் பார்த்தேன். கழுத்தில் கட்டு. பேச்சு இல்லை. போனில் டைப் செய்து திருப்பிக் காட்டினார். 'இப்ப உங்க கிளாஸ்ல சத்தம் எப்படி?'

"சந்தைக்கடைதான் டீச்சர்" என்றேன். தோள் குலுங்கச் சிரித்தார். சத்தம் வராத சிரிப்பு.

கவுன்சிலிங் பற்றிப் பேசத்தான் போனேன். பேசவில்லை. பாப்பா என்ன படிக்கிறாள், வழியில் மழை... இதையெல்லாம்தான் பேசினேன்.

கிளம்பும்போது மறுபடி டைப் செய்தார். 'நம்ம ஸ்கூலுக்கு யாரையாவது போட்டாங்களா?'

"இன்னும் இல்ல டீச்சர்."

அதுதான் கடைசி.

இன்று போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். முகம் பார்க்கவில்லை. மலையிலிருந்து ஒரு மினி வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். விடியும் முன்பே கிளம்பி வந்திருக்கிறார்கள்.

அதில் ஒரு அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டு பக்கத்தில் வந்தார்.

"சார், வாரத்துல ரெண்டு நாள்தான் யாரோ வந்து தொறக்கறாங்க. மத்த நாளு பூட்டிக் கெடக்குது. புள்ளைங்க ஆடு மேய்ச்சிக்கினு திரியுதுங்க. நீங்க திரும்பி வந்துடறீங்களா சார்?"

"பாக்கலாம்மா" என்றேன்.

அந்த அம்மா அதை நம்பித் தலையாட்டினார். வேனில் இருந்தவர்களிடம் போய், "சார் வர்றாராம்" என்று சொல்வது எனக்குக் கேட்டது.

நல்லபடியாப் போங்க டீச்சர்...