மரண அறிவித்தல் வாசித்த குரல்

ஊரில் நான் மேடை நடிகன். லண்டனுக்கு வந்த பிறகு குரல் மட்டும்தான் நடித்தது. வால்தம்ஸ்டோவில் ஒரு கடைக்கு மேலே இயங்கிய சின்னத் தமிழ் வானொலிக்கு விளம்பரம் பேசப் போனேன். ஒருநாள் மரண அறிவித்தல் வாசிப்பவர் வரவில்லை; என்னை வாசிக்கச் சொன்னார்கள். பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், அன்பு மகன், பாசமிகு சகோதரன் என்று ஒரு உறவையும் விடாமல், அவசரப்படாமல் சொல்ல வேண்டும். ஒரு பெயர் விட்டுப்போனால் செத்தவீட்டிலேயே சண்டை வரும். நான் நன்றாக வாசித்துத் தொலைத்தேன். அதன் பிறகு பதினாறு வருடங்கள் அவர்கள் என்னை வேறு எதற்கும் கூப்பிடவில்லை.

தமிழ்க் கடைகளில் நான் வாய் திறந்தால் சனம் திரும்பிப் பார்க்கும். "அண்ணை, எங்கடை அப்பாவுக்கும் நீங்கள்தானே வாசிச்சனீங்கள்" என்பார்கள். கலியாண வீடுகளில் மைக்கை என் பக்கம் நீட்டவே மாட்டார்கள். வெளியில் சிரித்துச் சமாளிப்பேன். உள்ளுக்குள் எரியும்.

போன வருடம் குரோய்டனில் ஒரு தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் நகைச்சுவை நாடகம் போட்டார்கள். எனக்குக் கலியாணப் புரோக்கர் வேடம். அறுபத்திரண்டு வயதில் இதையும் கோட்டை விட்டால் இனி எனக்கு மேடை இல்லை. நான் குடியிருக்கும் ஹவுன்ஸ்லோவிலிருந்து பஸ்ஸிலும் ரயிலிலும் வசனத்தை முணுமுணுத்துக்கொண்டே ஒத்திகைக்குப் போய்வந்தேன்.

என் முதல் காட்சி, பெண் வீட்டாரிடம் மாப்பிள்ளையின் பெருமையை அளந்துவிடுவது. "வாத்தியாற்றை மூத்த மகன், கனடா டொக்டற்றை தம்பி, கடைக்கார முதலாளியின்ரை மருமோன்" என்று படபடவெனக் கொட்ட வேண்டும். உறவுமுறை வந்ததும் நாக்கு பழகிய வழியில் போய்விட்டது. குரல் தாழ்ந்தது. ஒவ்வொரு உறவுக்கும் நடுவே இடைவெளி விட்டேன். எனக்கே கேட்டது, ஆனால் மாற்ற முடியவில்லை. மண்டபம் அடங்கிப்போனது. முன்வரிசையில் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். ஒரு பெண் சிலுவை அடையாளம் போட்டாள். மாப்பிள்ளையாக நடித்தவர், உயிரோடு என் பக்கத்தில் நின்றபடியே, தலையைக் குனிந்துகொண்டார்.

நாடகம் முடிந்ததும் இயக்குநர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர்.

"குறை நினையாதேங்கோ அண்ணை. அடுத்த கிழமையும் போடுறம். புரோக்கருக்குத் தொண்டை கட்டிப்போச்சு எண்டு மாத்துவமே?"

"ஓம்" என்றேன். மேடையை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த ஞாயிறு கழுத்தில் சால்வையைச் சுற்றிக்கொண்டு, கையாலும் கண்ணாலும் மாப்பிள்ளையின் பரம்பரையையே விளக்கினேன். மண்டபம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. இந்த நகரத்தில் சனம் என்னைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை. திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். அப்போதும் சத்தம் வெளியில் கேட்காமல் பார்த்துக்கொண்டேன்.