பிரேக்கக்காவின் வாயுத் தொல்லை

நகரப் பேருந்து ஓட்டும் அவளுக்குப் பயணிகள் வைத்த பெயர் பிரேக்கக்கா. மாதத்தில் சில நாள் வயிற்றுக்குள் யாரோ துணி பிழிவதுபோல் வலிக்கும். அன்று பிரேக்கும் பலமாக விழும். வாடிக்கைப் பயணிகள் அவள் முகத்தைப் பார்த்தே கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள்.

வீட்டில் மட்டும் அது வாயு. ஒரு மருத்துவக் குழுவின் கம்பீரத்தோடு கணவர் ஆண்டுக்கணக்கில் அதே முடிவை அறிவித்து வந்தார்.

கடைசியில் எடுத்த ஸ்கேனில், சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிய கட்டி தெரிந்தது. அன்று மாலை மாமியார் டிவி ரிமோட்டையே அவள் கையில் கொடுத்துவிட்டார். அப்போதுதான் அவளுக்கு உயிர்ப்பயம் வந்தது.

மறுநாள் டாக்டரிடம் நேராகவே கேட்டாள். "இது கேன்சரா? மறைக்காம சொல்லுங்க. எங்க அத்தை ரிமோட்டக் குடுத்துட்டாங்க."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "இல்லம்மா, இது எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையோட உள்சுவர்ல இருக்குற மாதிரி திசு, கருப்பைக்கு வெளிய வளருது. சினைப்பைப் புற்றுநோய்க்கும் இதுக்கும் மரபணுவுல கொஞ்சம் ஒற்றுமை இருக்கு, தூரத்துச் சொந்தம் மாதிரி. ஆபத்து மத்தவங்களவிடக் கொஞ்சம் கூடத்தான். ஆனா பெரும்பாலானவங்களுக்கு அது வர்றதில்ல."

"சொந்தம்னா வீட்டுக்கு வந்தே ஆகணும்னு இல்லல்ல?"

"இல்ல. வலிக்கு மருந்து தரேன். கட்டி மாறுதான்னு பாக்க, தவறாம வாங்க."

வெளியே காத்திருந்த கணவரிடம், "கேன்சர் இல்லையாம்" என்றாள்.

அவர் முகம் மலர்ந்தது. "நான்தான் அப்பவே சொன்னேனே, வாயுன்னு."

"உள்ள வாங்க. அத டாக்டர்கிட்டயே சொல்லுங்க" என்று கதவைத் திறந்து பிடித்தாள்.

அவருக்கு அவசரமாக ஒரு போன் பேச வேண்டியிருந்தது.