கப்ளிங்குக்குக் கிரீஸ்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்று என் கால் மேல் எந்தத் தப்பும் இல்லை. பிரேக்கை மிதிக்க வேண்டிய நேரத்தில் பிரேக்கைத்தான் மிதித்தேன். இருபது வருஷமாக மாட்டுக் கொட்டகைச் சகதியில் ஊன்றி நிற்கிற கால் இது. எது பிரேக், எது ஆக்ஸிலேட்டர் என்று அதற்கு நன்றாகவே தெரியும். ஆனால் அன்றைக்கு ரோட்டில் கூடிய கூட்டத்தில் ஒருத்தர்கூட இதைக் காதில் வாங்கத் தயாராக இல்லை.

நான் கால்நடை மருத்துவர். ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில், சினைப்பசுவுக்குக் கன்று குறுக்கே கிடக்கிறது என்று காலையில் போன் வந்தது. என் பழைய டீசல் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். குறுவை அறுப்பு முடிந்த நேரம். ரோட்டில் பாதி வண்டிக்கு, பாதி நெல்லுக்கு. வேகத்தடைக்கு ஒரு மிதி. குறுக்கே ஓடிய ஆட்டுக்கு ஒரு மிதி. காயும் நெல்லைச் சுற்றி அடுக்கியிருந்த கருங்கல்லுக்கு ஒரு மிதி. நான்காவது முறை மிதித்தபோது பெடல் இறங்கவே இல்லை. கல்லாக இறுகிவிட்டது. இரண்டு காலையும் சேர்த்து அழுத்தினேன். வண்டி கொஞ்சம் தயங்கியதே தவிர நிற்கவில்லை. எதிரே ஒரு அம்மா நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்தார். ஸ்டியரிங்கை ஒடித்துப் பக்கத்தில் குவித்திருந்த நெல்லுக்குள் வண்டியைச் செருகினேன். அந்த அம்மாவுக்கும் பம்பருக்கும் நடுவே இரண்டடி இருந்திருக்கும்.

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று அவர் கத்தினார். அது நியாயம். அதில் எனக்குக் கோபமே இல்லை. டீக்கடையிலிருந்து எழுந்து வந்தார்களே ஆண்கள், அவர்கள் பேசியதுதான் இன்றைக்கும் எரிகிறது.

"பொம்பளைங்ககிட்ட வண்டியக் குடுத்தா இப்படித்தான்."

"பதட்டத்துல ஆக்ஸிலேட்டர மிதிச்சிருப்பாங்க."

"விடுங்கப்பா, டாக்டரு. படிச்சவங்க."

மூன்றாவது ஆள் சொன்னதுதான் மூன்றிலும் மோசம். கடைசியில் அவர்களில் ஒருவர் பைக்கில் பின்னால் உட்கார்ந்துதான் அந்தக் கிராமத்துக்குப் போனேன். பசுவைக் காப்பாற்றினேன். கன்று போய்விட்டது. அரை மணி நேரம் முன்னால் போயிருந்தால் அதுவும் பிழைத்திருக்கும்.

என் கணவர் பள்ளிக்கூட ஆசிரியர். எதையும் நிதானமாகச் சொல்லுவார். அந்த நிதானம்தான் எனக்கு ஆகாது. நெல்லிலிருந்து மீட்டு வீட்டுக்குக் கட்டி இழுத்து வந்திருந்த காரை அன்று சாயங்காலம் எடுத்துக்கொண்டு எங்கள் தெருமுனை வரை போனார். ஒரே ஒரு முறை பிரேக் பிடித்தார். திரும்பி வந்து, "எனக்கு நல்லாத்தானே பிடிக்குது" என்றார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இனிமே ஒரு டிரைவர் வச்சுக்கலாம். உனக்காகத்தான் சொல்றேன்."

எனக்காகவாம்! டிரைவர் வரும்வரை மாடு கன்று போடாமல் காத்திருக்குமா? அடுத்த ஒன்பது நாட்கள், எங்கே போன் வந்தாலும் யாராவது பைக்கில் வந்து என்னைக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு, சேலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தெரியாத ஆட்களின் முதுகைப் பார்த்துக்கொண்டே ஊர் ஊராகப் போனேன். வர ஆளில்லாத வீடுகளுக்குப் போகவே முடியவில்லை. ஒவ்வொரு முறையும் அந்தச் சட்டைப் பைதான் கண்ணில் நின்றது. சாவி எனக்குத் திரும்ப வேண்டும். அதற்கு என் கால் குற்றவாளி இல்லை என்று நிரூபிக்க வேண்டும்.

உட்கார்ந்து யோசித்தேன். டீசல் வண்டியில் பிரேக்குக்குப் பலம் கொடுப்பது வேக்கம் பம்ப். இன்ஜினோடு சேர்ந்து சுழன்று காற்றை உறிஞ்சி எடுக்கும். அந்த உறிஞ்சலின் தயவில்தான் காலை லேசாக வைத்தாலே பெடல் இறங்குகிறது. பம்ப் பலவீனமாகிவிட்டால் சேர்த்துவைத்த உறிஞ்சலில் முதல் இரண்டு மூன்று மிதி நன்றாக இருக்கும். அதற்கு மேல் பெடல் இறுகிவிடும். என் வண்டிக்கு ஒன்றரை மாதம் முன்னால்தான் அந்தப் பம்பையே மாற்றியிருந்தது. மாற்றியவர் மன்னார்குடி சாலையில் ஷெட் வைத்திருக்கிற பாய். கூத்தாநல்லூர்க்காரர். வளைகுடாவில் பல வருஷம் வண்டி வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர். எங்கள் பகுதிப் பால் வண்டிகளில் பாதி அவரிடம்தான் போகும்.

ஞாயிற்றுக்கிழமை காலை கணவரை இழுத்துப்போய் ஸ்டியரிங்கில் உட்கார வைத்தேன். ஆளில்லாத வாய்க்கால் கரைச் சாலையில் மெதுவாக ஓட்டச் சொன்னேன்.

"பிரேக் பிடிங்க."

பிடித்தார். நின்றது.

"மறுபடியும். மறுபடியும். இன்னொரு தடவை."

நான்காவது மிதியில் அவர் முகம் போன போக்கை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். முட்டி விறைத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, சீட்டிலிருந்து பாதி எழுந்துவிட்டார். நடக்கிற வேகத்தில் போனதால் ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தினார்.

"இப்ப யாரு பதட்டத்துல ஆக்ஸிலேட்டர மிதிச்சது? நீங்களா, நானா?"

ஹேண்ட் பிரேக்கை விடுவித்துக்கொண்டே, "சரி, பம்புதான் போலருக்கு. பாய் பாத்துச் சொல்லட்டும். அப்புறம் சாவியப் பத்திப் பேசலாம்" என்றார்.

பாய் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். என் கால் நல்ல கால் என்று சான்றிதழ் கொடுக்க இன்னொரு ஆம்பளை வர வேண்டுமாம். உச்சந்தலை வரை ஏறிவிட்டது எனக்கு. ஷெட்டுக்கு ஊர்ந்து போகும் வழியிலேயே போனை எடுத்தேன். எங்கள் பகுதியில் மாடு வளர்க்கிறவர்களும் பால் வண்டிக்காரர்களும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். "டாக்டர் பேசறேன். மன்னார்குடி ரோட்டு பாய் ஷெட்ல யாரும் வண்டிய விடாதீங்க. புது பம்ப் மாட்டி ஒன்றரை மாசத்துல எனக்கு பிரேக் போயிடுச்சு. ஒரு உசுரு போயிருக்கும். என் கால் மேல தப்பு இல்லன்னு எல்லாரும் தெரிஞ்சுக்கங்க." அனுப்பிவிட்டுத்தான் மூச்சு விட்டேன்.

ஷெட்டில் பாய் சிரித்துக்கொண்டே வந்தார். நான் சிரிக்கவில்லை. விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரிப்பும் நின்றது. ஸ்பேனரை எடுத்துப் பம்பைக் கழற்றினார். பம்பையும் இன்ஜினையும் இணைப்பது விரல் நீளம்கூட இல்லாத ஒரு இரும்புத் துண்டு. அதுதான் கப்ளிங். அதன் இரண்டு முனையும் தேய்ந்து உருண்டு போயிருந்தன. இன்ஜின் சுற்றினாலும் பம்ப் சரியாகச் சுற்றாது, வழுக்கும். அதைச் சுற்றிலும், இன்ஜினிலிருந்து எண்ணெய் வரவேண்டிய சின்னத் துளையிலும், பழுப்பு நிறத்தில் கெட்டியாக ஏதோ அப்பியிருந்தது. பாய் அதை நகத்தால் வழித்து வெளிச்சத்தில் காட்டினார்.

"கிரீஸ், டாக்டரம்மா. இது ஆயில் வர்ற வழிய அடைச்சிருக்கு. ஆயில் இல்லாம கப்ளிங் தேஞ்சுடுச்சு."

நான் இதற்காகத்தானே காத்திருந்தேன்! கத்தினேன். ஷெட்டின் தகரம் அதிரக் கத்தினேன். "இத்தன வருஷம் வேல பாத்தவருக்கு இது தெரியாதா? எண்ணெய் வர்ற துளையில எவனாவது கிரீஸ் வைப்பானா? யாரு வைக்கச் சொன்னது?"

பாய் வேஸ்ட் துணியில் விரல் விரலாகத் துடைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல் கணவரைப் பார்த்துச் சொன்னார்.

"அவங்கதான் சார்."

அந்த நொடியில் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. ஒன்றரை மாதம் முன்னால் இதே இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். பாய் புதுப் பம்பைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணெய்க் கேனை எடுக்கப் போனார். "இது என்ன பாய்?" என்று கேட்டேன். "பம்ப் கப்ளிங்" என்றார். பம்ப், கப்ளிங். எங்கள் வீட்டில் சோறு, குழம்பு மாதிரிப் புழங்கிய இரண்டு வார்த்தைகள். என் அப்பா ஒரு பண்ணையில் கூலிக்கு இருந்தவர். வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற பம்புசெட் அவர் பொறுப்பு. மோட்டாரும் பம்பும் சேருகிற இடத்துப் பேரிங்குக்குக் கிரீஸ் அடிப்பார். அதற்கு எங்கள் வீட்டுப் பெயர் "கப்ளிங்குக்குக் கிரீஸ் வைப்பது". கிரீஸ் காய்ந்து சத்தம் வந்தால் பண்ணையார் வரப்பிலிருந்தே கத்துவார். "கப்ளிங் கத்துது, காது செவிடாடா? நான் சொல்றதச் செய்டா." அப்பா ஓடுவார். நான் சிலேட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கள் வீட்டில் கிரீஸ் என்பது திட்டு வாங்காமல் இருப்பதற்கு வைக்கிற பொருள்.

அந்த நினைப்பில்தான் பாயிடம் சொன்னேன், "எண்ணெயெல்லாம் நிக்காது பாய், கிரீஸ் வைங்க. நல்லா அப்பி வைங்க" என்று. அவர், "இல்லம்மா, இதுக்கு…" என்று ஆரம்பித்தார். நான் விடவில்லை. "எனக்குத் தெரியும் பாய். நான் சொல்றதச் செய்யுங்க."

"டா"வை எடுத்துவிட்டு "ங்க" போட்டிருக்கிறேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

"அப்ப வேணாம்னு சொல்லியிருக்கலாமே பாய்" என்றார் கணவர்.

"சொல்ல வந்தேன் சார். சத்தம் போட்டாங்க. டாக்டரு, நாலு எடம் தெரிஞ்சவங்க. வச்சுட்டேன். வச்சது என் தப்புதான்."

வயிறு உப்பிய மாட்டுக்கு நல்லெண்ணெயைப் புகட்டி, அது நுரையீரலுக்குள் போய் மாடு சாகக் கிடக்கும்போது என்னைக் கூப்பிடுவார்கள். "தெரியலன்னா கேக்க வேண்டியதுதானே" என்று எத்தனை பேரை அழ அழத் திட்டியிருக்கிறேன்! அவர்கள் பக்கத்திலாவது தடுக்க ஆளில்லை. என் பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் எண்ணெய்க் கேனோடு நின்றார்.

அப்போது பாயின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். பால் வண்டிக்காரர் ஒருவர். "பாய், நாளைக்கு வண்டி விடறேன்னேன்ல, வேணாம். அப்புறம் பாக்கலாம்." ஏன் என்று பாய் கேட்பதற்குள் வைத்துவிட்டார். பாய் போனையே பார்த்தார். என் கைப்பைக்குள் என் போன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்துப் பார்த்தேன். "நல்ல வேளை சொன்னீங்க மேடம்." "நானும் அங்கதான் விடுவேன், இனிமே இல்ல." கும்பிட்ட கைகள் வரிசையாக.

மெசேஜை அழித்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. மறைக்க மாட்டேன், கட்டைவிரல் அந்த இடத்துக்குப் போய்விட்டது. அழித்தால் என்ன? கேட்டவர்கள் கேட்டதுதான். பாயின் வயிற்றில் அடித்தது அடித்ததுதான். நிஜத்தைச் சொன்னால் டீக்கடை பெஞ்ச் என்ன சொல்லும் என்று தெரியும். கணவரின் சட்டைப் பை இன்னும் கனமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இருவர் முன்னாலும் மைக்கை அழுத்தினேன். "டாக்டர் பேசறேன். கொஞ்ச நேரம் முன்னாடி பாய் ஷெட்டப் பத்தித் தப்பாச் சொல்லிட்டேன். கப்ளிங்ல கிரீஸ் வைக்கச் சொன்னது நான். அவர் வேணாம்னு சொல்ல வந்தாரு, நான் பேச விடல. எண்ணெய் வர்ற வழி அடைச்சதுக்குக் காரணம் நான். என் கால் மேல தப்பு இல்ல. வாய் மேலதான் தப்பு. வண்டிய இங்கயே விடுங்க." குரல் நடுங்கியது. அழுகை இல்லை, கோபம். யார் மேல் என்று சொல்ல வேண்டியதில்லை.

பாய் கழற்றி வைத்த பம்பின் பக்கம் திரும்பினார். துளையைக் கழுவினார். புதுக் கப்ளிங்கை எடுத்து இரண்டு சொட்டு இன்ஜின் ஆயில் விட்டார். பம்புக்குள்ளும் கொஞ்சம் ஊற்றிக் கையால் சுற்றினார், வழுக்கிக்கொண்டு சுற்றியது. பூட்டி முடித்ததும், "யாராவது உக்காந்து பிரேக்க மிதிங்க" என்றார்.

கணவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். ஒரு நிமிஷம் கையில் வைத்திருந்தார். பிறகு என்னிடம் நீட்டினார். "நீயே உக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன். இன்ஜின் ஓடாமல் பெடலை நாலைந்து முறை மிதித்து இறுகவிட்டேன். காலை எடுக்காமல் சாவியைத் திருப்பினேன். இன்ஜின் பிடித்தது, கொஞ்ச நேரத்தில் பம்ப் உறிஞ்ச ஆரம்பித்து, பெடல் என் காலுக்கடியில் தானாக இறங்கியது.

பாய் ஜன்னலருகே வந்து குனிந்தார். "டாக்டரம்மா, ரெண்டு மாசம் கழிச்சு ஒரு தடவ தொறந்து பாக்கட்டுமா? நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படி."

"என்னக் கேக்காதீங்க பாய்! நீங்க சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன்!"

அதையும் கத்தித்தான் சொன்னேன்.