தொண்ணூற்று மூன்று பாகை

ஓய்வு பெற்ற பிறகு கந்தப்பளையில் சாதாரண தரப் பரீட்சை எழுதும் மாணவர்களுக்கு விஞ்ஞான வகுப்பு எடுத்தேன். கொழுந்து பறிப்பவரின் மகள் ஒருத்தி எப்போதும் முன்வரிசை வாங்கில் உட்கார்ந்திருப்பாள். பௌதிகத்தைப் பாடமாக்குவதா, யோசித்துப் படிப்பதா என்று ஒருமுறை கேட்டாள். இப்போதைக்குப் பாடமாக்கு, பிறகு யோசிக்கலாம் என்றேன்.

நீரின் கொதிநிலையை அளந்த அன்று அவள் தொண்ணூற்று மூன்று பாகை என்று எழுதியிருந்தாள். வெப்பமானி பழுது, நூறு என்று எழுது என்றேன். அவள் வேறு இரண்டு வெப்பமானிகளை வைத்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

"மூணும் ஒரே மாதிரியா சார் பழுதாகும்? ஐஸ்ல வச்சா மூணுமே சரியா பூச்சியம் காட்டுதே."

"புத்தகம் எழுதினவங்களுக்கு வராத சந்தேகம் ஒனக்கு வந்துருச்சாக்கும்" என்றேன். வகுப்பே சிரித்தது. அவள் அழித்துவிட்டு நூறு என்று எழுதினாள். அழித்த இடத்தில் தாள் கிழிந்திருந்தது.

அன்று மாலை எங்கள் வீட்டுக் குக்கர் பழுது. சட்டியில் போட்ட பருப்பு இரண்டு மணி நேரமாகியும் வேகவில்லை. "ஒங்க மலையில குக்கர் இல்லாம என்னதான் வேகும்?" என்றாள் கீழே மாத்தளையில் பிறந்த என் மனைவி. அப்போதுதான் உறைத்தது. ஆறாயிரம் அடி உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. நீர் நூறை எட்டுமுன்பே கொதித்துவிடும். காற்றழுத்தப் பாடத்தை முந்தின மாதம் நடத்தியவனே நான்தான். இரண்டையும் எப்படிச் சேர்த்துப் பார்க்காமல் போனேன் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அடுத்த கிழமை வகுப்பில் அதைச் சொல்லவில்லை. பரீட்சை நேரத்தில் பிள்ளைகள் குழம்புவார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் வெட்கம்.

விஞ்ஞானத்தில் நல்ல பெறுபேறு எடுத்தவள், உயர்தரத்துக்குக் கலைப் பிரிவில் சேர்ந்தாள். சென்ற மாதம் பஸ் தரிப்பிடத்தில் கண்டபோது ஏன் என்று கேட்டேன்.

"கண்ணால பார்த்தது பிழை, புத்தகத்துல இருக்கிறதுதான் சரின்னா, அந்தப் பாடத்த எப்படிப் படிக்கிறதுன்னே எனக்கு வெளங்கல சார்."

பருப்பு வேகாத கதை உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுதியதுதான் சரி என்றேன்.

"அன்னைக்கு சாயந்தரமே தெரிஞ்சிருச்சா சார்?"

"தெரிஞ்சிருச்சு."

நுவரெலியா பஸ் வந்து நின்றது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அதுக்கப்பறமும் மூணு மாசம் வகுப்புக்கு வந்தேனே சார்" என்றாள்.

தலையாட்டினேன். அவள் ஏறிப் போய்விட்டாள்.