பனி கொட்டிய நாளின் செய்தி

தன்னாமுனையில் வாவியை ஒட்டியது அக்காவின் வீடு. விடியற்காலையில் நான் சைக்கிளை மதிலில் சாய்க்கும்போது தண்ணீரும் வானமும் ஒரே வெள்ளையாக இருக்கும். தோணிகள் எதன்மீதும் படாமல் மிதப்பதுபோலத் தோன்றும். அக்கா வாசலில் குந்தியிருந்து றாலின் ஓட்டை உடைத்துக்கொண்டிருப்பாள்.

அவள் மகன் ஹோட்டலில் சமையல் வேலை என்று ஒரு குளிர்நாட்டுக்குப் போனவன். அங்கே யுத்தம். இப்போது படைமுகாம் ஒன்றின் குசினியில் சமைக்கிறான். அவன் பேசாத நாட்களில் செய்தி சொல்வது நான்.

எங்கள் யுத்தத்தில் அரசாங்க வானொலியையும் கேட்போம், இயக்கத்தின் வானொலியையும் கேட்போம். அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. இன்றும் இரு தரப்புச் செய்திகளையும் வாசித்து, நாட்குறிப்பில் சம அளவில் எழுதிவிட்டுத்தான் புறப்படுவேன்.

"புள்ள நிக்கிற பக்கம் ஒரு கிராமத்தைப் பிடிச்சிட்டாங்களாம். மற்றவங்கள் ஒரு பாலத்தைத் திருப்பி எடுத்திட்டாங்களாம்."

"முன்னேறினா குசினியும் முன்னுக்குப் போகும். பின்வாங்கினா என்ட புள்ள சட்டியோட ஓடணும். நீ என்னடா தம்பி, றால் விக்கிறவன் மாதிரி ரெண்டு தட்டையும் சரிபார்த்து நிறுத்துக் கொண்டு வாறாய்!"

ஒரு நாள் இரு தரப்பும் எதுவுமே சொல்லவில்லை. முன்னேற்றமும் இல்லை, பின்னடைவும் இல்லை. முன்பு இரண்டு வானொலிகளும் வெறும் பாட்டுப் போட்டால் நாங்கள் உடுப்புகளை மூட்டை கட்டுவோம். பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம்.

"இண்டைக்கு ஒண்டும் இல்லக்கா."

அவள் கை நின்றது. "ரெண்டு பக்கமுமா?"

"ஓம்."

கையைக் கழுவிவிட்டு வந்து, போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். வாவியில் வெள்ளை கலையவே இல்லை. யாரோ தண்ணீரில் கோலால் அடித்து மீன் கலைக்கும் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்தது.

வெயில் ஏறிய பிறகு போன் அடித்தது.

"அம்மா, இங்க இடுப்பளவு பனி. ஒருத்தரும் வெளியில போகல்ல. நான் சும்மா பருப்பு அவிச்சுக்கொண்டு நிக்கிறன்."

அக்கா அழவில்லை. "நாளைக்கும் கொட்டுமா மகன்?" என்று மட்டும் கேட்டாள்.

இப்போதும் இரு தரப்பையும் சமமாகவே எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன் அந்த நாட்டின் வானிலையைப் பார்த்துவிடுவேன். சைக்கிள் சத்தம் கேட்டதும் அக்கா கேட்பது அதைத்தான்.

"கொட்டுதாடா?"

இன்று அங்கே நல்ல வெயில் என்று சொல்ல வேண்டியிருந்தது.