கேசட் கடைக்காரர் சொல்லாத பேர்

தேனி பஜாரில் என் பூஜைச் சாமான் கடைக்குப் பக்கத்தில், கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை வைத்திருந்தார் அவர். தோள்வரை முடி. ஓயாமல் சீப்பால் சீவுவார். ஒரே இங்கிலீஷ் ராக் ஆல்பம்தான் எந்நேரமும் ஓடும். “விட்டுப்போன காதலிய நெனச்சு ஒரு ஆம்பள அழுகுறாண்ணே” என்பார். எனக்குக் கூச்சலாகத்தான் கேட்கும்.

ஒருநாள் கோம்பை ஊர்க்காரன் ஒருவன், இவர் அந்தப் பாட்டைப் பதிந்துகொடுத்த கேசட்டும் அரிவாளுமாக நுழைந்தான்.

“எந்தங்கச்சிக்கு இதை வாங்கிக் கொடுத்தவன் எவன்? பேரச் சொல்லுடி பொட்டச்சி, இல்லேன்னா சடை போயிரும்.”

இவர் வாய் திறக்கவில்லை. வந்தவன் இவர் முடியைப் பிடித்து அறுத்ததில் தோலும் சேர்ந்து வந்தது.

ஓடிப்போய்த் துண்டால் அமுக்கினேன். “பேரச் சொல்லித் தொலைச்சா என்னய்யா?”

“சொன்னா அவன வெட்டிருவாகண்ணே.”

யாரென்று என்னிடமும் சொல்லவில்லை. அவர் சிந்திய ரத்தத்துக்காகவாவது அந்த ஜோடி நன்றாயிருக்கட்டும் என்று இன்றும் முருகனை வேண்டிக்கொள்கிறேன்.