கொன்ஸ்ரன்ஸுக்காக இறக்கிய கம்பிகள்

மெல்லிய உருக்குத் தகட்டை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, ஹியூபேட் மறுபடியும் அரத்தை எடுக்கிறார். இரண்டே இழுப்பு. பிறகு ஊதுகிறார். கொட்டாஞ்சேனை மாடிவீட்டின் சாப்பாட்டு மேசையில், பாணுக்கும் சீனிப் பேணிக்கும் நடுவே இரும்புத் தூள் கிடக்கும். "பாணுக்கு உப்புக் காணாதெண்டு நினைக்கிறார்போல" என்று சொல்லிக்கொண்டே அவர் மனைவி கொன்ஸ்ரன்ஸ் துடைத்துவிடுவாள்.

ஒருகொடவத்தைக் கொள்கலன் முற்றத்தில் இயந்திரங்கள் பொருத்தும் பிற்றராக இருந்து ஓய்வு பெற்றவர். அளக்காமல் எதையும் நம்பமாட்டார். நத்தார் கேக்கைக்கூட அடிமட்டம் வைத்துத்தான் வெட்டுவார். பாட்டு மட்டும் அவருக்கு வராது. கோயிலில் வாயை அசைப்பதோடு சரி. வீட்டிலிருக்கும் கிற்றார் கொன்ஸ்ரன்ஸுடையது. கலியாணத்துக்கு முன்பிருந்தே ஞாயிற்றுப் பூசைக்கு அவள்தான் வாசிப்பாள்.

போன வருடம் அவளுடைய இடக்கை விரல் மூட்டுகள் வீங்கின. பாட்டின் நடுவில் கம்பியை அமத்த முடியாமல் கையை எடுத்துவிடுவாள். வலியைக் குறைக்கலாம், பழைய விரல் திரும்பி வராது என்று பொரளையில் டொக்டர் சொன்னார். திரும்பி வந்து வீட்டுப் படியேறும்போது அவள் சொன்னாள்: "கம்பி பலகைக்கு இன்னும் கொஞ்சம் கிட்ட இருந்தா அமத்திப்போடுவன்."

மூட்டு வலிக்கு ஹியூபேட்டால் ஒன்றும் செய்ய ஏலாது. கம்பியின் உயரத்துக்கு ஏலும். பழைய உருக்கு அடிமட்டமொன்றைத் தகடாக வெட்டி, ஓரத்தில் படிப்படியாக அராவினார். ஒவ்வொரு படியும் முந்தியதைவிட மயிரிழை உயரம். கம்பிக்குக் கீழே தகட்டைத் தள்ளினால், எந்தப் படி கம்பியில் முட்டுகிறதோ அதுதான் உயரம். பிறகு கம்பிகளைத் தாங்கும் எலும்புத் துண்டைக் கழற்றி, அடியைத் தேய்த்து, மாட்டி, மறுபடி அளப்பார். அவள் வாசித்தாள். சில மாதத்தில் விரல் இன்னும் இறுகியது. அவர் இன்னும் இறக்கினார்.

ஒருநாள் கம்பிகள் கழுத்துப் பலகையில் இடித்துக் கரகரத்தன. பாட்டு வராத ஹியூபேட்டுக்கே அது கேட்டது.

"இன்னும் இறக்கேலுமா?"

தகட்டின் ஆகத் தாழ்ந்த முதற் படிகூடக் கம்பிக்குக் கீழே நுழையவில்லை.

"ஏலாது, கொன்ஸி."

அவள் கிற்றாரைத் துடைத்து உறையில் போட்டாள். அடுத்த கிழமை, பாடகர் குழுவிலிருக்கும் ரொஷேலைத் தானே கூப்பிட்டு, கோயிலுக்கு ஆள் வேணும்தானே, நீ கொண்டுபோ என்றாள். ஆனால் அவ்வளவு தாழ்ந்த கம்பியில் யாருமே வாசிக்க முடியாது. தேய்ந்த எலும்பு வளரவும் மாட்டாது. ஹியூபேட் புதிய துண்டொன்று வெட்டினார். வெட்டும்போது இருமுறை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார்.

ரொஷேல் வந்த அன்று அவர் தகட்டைக் கம்பிக்குக் கீழே வைத்து அளந்தார். பக்கத்தில் நின்று பார்த்த கொன்ஸ்ரன்ஸ், "இன்னும் கொஞ்சம் உயத்துங்கோ. பிள்ளைக்கு நல்ல விரல்" என்றாள்.

அவர் உயர்த்தினார். ரொஷேல் வாசித்தாள், ஒவ்வொரு கம்பியும் சுத்தமாகப் பேசியது. கொன்ஸ்ரன்ஸ் கதிரையில் இருந்து வலக்கையால் முழங்காலில் தாளம் போட்டாள். இடக்கை சேலைத் தலைப்புக்குள் இருந்தது.

போகும்போது, வாசலில் நின்று ரொஷேல் அந்தத் தகட்டையும் தரமுடியுமா என்று கேட்டாள். அரம், சுத்தியல் என்று அயலில் யார் எந்த ஆயுதம் கேட்டாலும் இல்லையென்று சொல்லாதவர் ஹியூபேட்.

"கூப்பிடுங்கோ மகள், நானே வந்து அளந்து தாறன்" என்றார். சொல்லிக்கொண்டே, தகட்டை உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிக்கொண்டார்.